மைலிஸின் இடப்பக்கச் சக்கரம்

வடக்கே பனி நாட்டு ஊரான ஹெடெவிக்கில் மைலிஸ் ஃபோர்ஸ்பெக்கைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் தபால் பெட்டிக் கதையைத்தான் சொல்வார்கள். முப்பது குளிர்காலத்துக்கு மேல் நகராட்சியின் பனி தள்ளும் லாரியை ஓட்டியவள் அவள். ஊர் எழுந்திருப்பதற்குள் அத்தனை தெருவையும் வழித்துவிடுவாள். கூடவே ரோட்டோரம் நிற்கும் நாலைந்து தபால் பெட்டிகளையும் வழித்துவிடுவாள். பனி உருகியதும் சுத்தியலும் பெயிண்ட் டப்பாவுமாக அந்தந்த வீட்டு வாசலில் வந்து நிற்பாள். புதுப் பெட்டியை நட்டு, வீட்டுக்காரர் கேட்ட நிறத்தைப் பூசி, அவர்கள் தரும் காபியைக் குடித்துவிட்டு, "போன தடவை இடிச்சதவிட இது அழகா இருக்கு" என்று தானே பாராட்டிக்கொண்டு போவாள். பெட்டி துருப்பிடித்துப் போன வீட்டுக்காரர்கள் சிலர் டிசம்பர் பிறந்ததுமே அதை ரோட்டுப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி நடுகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

லாரி நகராட்சியுடையது. பச்சை பிளிமத் அவளுடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் அமெரிக்காவில் பிறந்து, கப்பலேறி வந்து, யாரோ ஒரு விவசாயியின் கொட்டகையில் கோழிகளுக்கு வீடாகிப் போயிருந்த கார். அதை மீட்டு, ஒவ்வொரு திருகாகக் கழற்றித் துடைத்துப் பூட்டி ஓட வைத்தவள் அவள்தான். ரொம்ப நாள் வரைக்கும் குளிருக்கு ஹீட்டரைப் போட்டால் கோழி இறகு பறந்து வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தும்ம, மைலிஸ் சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். அவளுக்குச் சிரிப்பு ஒரு வியாதி. வரக் கூடாத இடம் பார்த்துத்தான் வரும். முதல் கணவனோடு விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடும்போது வந்தது. அதிகாரி தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

அந்த முதல் கணவன் எதைக் கண்டாலும் பிரிப்பான். கடிகாரம், பம்பு, தையல் மெஷின், ஒரு தடவை அடுப்பு. திரும்பப் பூட்டத்தான் தெரியாது. அவன் போன அன்றைக்கு மைலிஸ் கார் ஷெட்டுக்கு ஒரு பெரிய பூட்டு வாங்கி மாட்டினாள். பழைய அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்களின் கிளப்பில், எல்லோர் முன்னாலும் மேஜையைத் தட்டிச் சொன்னாள்: "என் வண்டி மேல இன்னொரு கை ஸ்பேனர் வச்சா, அந்தக் கைக்குச் சொந்தக்காரன் என் வீட்டுப் படி ஏற முடியாது."

எவர்ட் வந்த பிறகும் அந்தச் சட்டம் மாறவில்லை. எவர்ட் நகராட்சி நீச்சல் குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவன். கழுத்தில் விசில், காலில் ரப்பர் செருப்பு. ஊரில் பாதிப் பேர் அவனிடம்தான் தண்ணீர் குடித்து நீந்தக் கற்றார்கள். இருவரும் பத்து வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்தும் தனித்தும் இருந்தார்கள். அவன் ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில். அவள் ஏரிக்கரை வீட்டில். புதன்கிழமையும் சனிக்கிழமையும் அவன் சைக்கிளில் வருவான், ஞாயிறு சாயங்காலம் போய்விடுவான். இந்த ஊரில் அது ஒன்றும் புதிதல்ல. வயதான ஜோடிகள் பல பேர் அப்படித்தான். ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு ஃபிரிட்ஜ், சண்டை குறைவு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற குளிர்காலத்தில் மைலிஸுக்குத் திடீரென்று ஞாயிறு சாயங்காலம் பிடிக்காமல் போனது. ஒரு வியாழக்கிழமை நேராக நீச்சல் குளத்துக்குப் போனாள். எவர்ட் கிழவிகளைத் தண்ணீரில் நிற்க வைத்துக் கையைக் காலை ஆட்டச் சொல்லிக்கொண்டிருந்தான். இவள் கரையில் நின்று கத்தினாள்.

"எவர்ட்! என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"

அவன் விசிலை ஊதினான். "பூட்ஸ் போட்டுக்கிட்டு உள்ள வரக் கூடாது!"

"அப்போ நீ வெளில வந்து பதில் சொல்லு!"

தண்ணீரில் நின்ற கிழவிகள் அத்தனை பேரும் கைதட்டிய சத்தம் கூரையில் மோதி வெகுநேரம் அடங்கவில்லை. எவர்ட் சொட்டச் சொட்ட ஏறி வந்து சரி என்றான். அன்றைக்கே அவள் ஒப்பந்தம் பேசினாள். "கட்டில் ரெண்டு பேருக்கும். அடுப்படி ரெண்டு பேருக்கும். ஷெட்டு எனக்கு." எவர்ட் அதற்கும் சரி என்றான். ஜூனில் ஒரு சனிக்கிழமையைக் குறித்தார்கள். அந்த வாரத் தொடக்கத்தில் அவன் தன் சாமான்களை அட்டைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டு வந்து அவள் வீட்டு நடையில் அடுக்கிவிட்டான். கல்யாணம் முடிந்துதான் பிரிப்பதாக ஏற்பாடு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை மைலிஸ் சைக்கிளுக்குப் பின்னால் இழுவண்டியை மாட்டிக்கொண்டு போய் விருந்துக்கான ரொட்டிக் கேக்கை வாங்கி வந்தாள். இறாலும் வெள்ளரியும் முட்டையும் வைத்து அடுக்கிய கேக். வெயில் வேறு. அது சரிந்துவிடுமோ என்று பத்தடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே, அதே சமயம் உரக்கப் பாடிக்கொண்டும் வந்தாள். வீட்டு வளைவில் திரும்பியதும் பாட்டு நின்றது.

ஷெட் கதவு திறந்திருந்தது; அடுப்படி ஆணியில் தொங்க வேண்டிய சாவி பூட்டில் தொங்கியது. பிளிமத் முற்றத்தில் நின்றது. அதன் வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டிலும் பால் மாதிரி வெள்ளைப் பட்டை போட்ட டயர்கள்! பல வருஷமாகக் கிளப் பத்திரிகையில் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு அவள் வாங்காமலே இருந்த டயர்கள். கேக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். குனிந்து ஒரு பட்டையைத் தடவினாள். சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள்.

மறுபக்கம் பழைய கறுப்பு டயர்களே இருந்தன. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் எவர்ட் உட்கார்ந்திருந்தான். மடியில் நீளமான இரும்புக் குழாய். உள்ளங்கையில், செத்துப் போன குருவிக் குஞ்சை வைத்திருப்பதுபோல, ஒரு போல்டின் தலை. தலை மட்டும்.

"மைலிஸ்," என்றான். "நான் சொல்றேன். முதல்ல நீ உக்காரு."

"நிக்கிறேன். சொல்லு."

"கல்யாணத்துக்கு மறுநாள் காலைல மாப்பிள்ளை பொண்ணுக்குப் பரிசு தரணும்ல. மத்தவன்லாம் நகை தருவான். நான் யோசிச்சேன்... நம்ம கிளப் கென்டா கிட்ட சொல்லி, சக்கரத்தோட நாலு டயரு வாங்கினேன். ஆனா மறுநாள் குடுத்தா நீ கல்யாணத்துக்குக் கறுப்பு டயர்ல போவே. அதான் நீ வர்றதுக்குள்ள மாட்டிடலாம்னு..."

"என் வண்டியில."

"உன் வண்டியில." அவன் குரல் உள்ளே போனது. "சக்கரம்தானேன்னு நெனச்சேன் மைலிஸ். வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்தறோம்ல."

அதுதான் வினை. இந்த நாட்டில் குளிர்காலத்துக்கு ஒரு டயர், கோடைக்கு ஒரு டயர். இலையுதிரும்போது ஒரு தரம், பனி உருகும்போது ஒரு தரம், ஊரே முற்றத்தில் ஜாக்கியோடு குனிந்து நிற்கும். பாதிரியார் மாற்றுவார், பல் டாக்டர் மாற்றுவார். பியானோ வாசிக்கிற விரலும் அன்றைக்கு ஸ்பேனர் பிடிக்கும். சக்கரத்தைக் கழற்றிப் பூட்ட ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இங்கே யாருக்கும் தோன்றாது.

"அந்தப் பக்கம் ரெண்டும் வெண்ணெய் மாதிரி வந்துச்சு," என்றான் எவர்ட். "இந்தப் பக்கம் அசையவே இல்ல. துருன்னு நெனச்சேன். ஸ்பேனர்ல பைப்பைச் சொருகினேன். அதுக்கும் அசையல. பைப்பு மேல ஏறி நின்னேன்."

"ஏறி நின்னியா?"

"குதிச்சேன்."

மைலிஸ் கண்ணை மூடித் திறந்தாள். "எந்தப் பக்கமா திருப்பிட்டுக் குதிச்ச?"

"கழட்டற பக்கமா. இடது பக்கம். ஊர் உலகமெல்லாம் கழட்டற பக்கம்."

"கையில வச்சிருக்கியே, அந்தத் தலையில என்ன எழுத்து இருக்கு?"

எவர்ட் உள்ளங்கையை வெயிலுக்குக் காட்டினான். "எல்."

"என்னன்னு நெனச்ச?"

"சைஸுன்னு நெனச்சேன். சட்டைல போடுவான்ல. பெருசுன்னு."

"இடதுன்னு அர்த்தம் எவர்ட். அமெரிக்காக்காரன் பாஷையில. இந்தக் கம்பெனிக்காரன் இடது பக்கச் சக்கரத்துக்கு மட்டும் மரையைத் தலைகீழா வெட்டி வச்சான், ஓட ஓட போல்டு தானா கழண்டுக்கக் கூடாதுன்னு. நீ கழட்டல. முறுக்கியிருக்க. குதிச்சுக் குதிச்சு முறுக்கியிருக்க!"

எவர்ட் எழுந்து வழிவிட்டான். அவள் குனிந்து பார்த்தாள். ஒரு போல்ட் கழுத்தில் ஒடிந்து, உடம்பு உள்ளேயே சிக்கியிருந்தது. இன்னும் இரண்டு, கையால் திருப்பினாலே பல் விழுந்த வாய்போலச் சுற்றிச் சுற்றி வந்தன. மரை மழுங்கிப் போய்விட்டது. மீதி இரண்டை அவன் தொடவில்லை. அதற்குள் பயம் வந்திருக்கிறது.

நாளைக்கு இரண்டு மணிக்குக் கல்யாணம். இந்தக் காரில்தான் இருவரும் சேர்ந்து சர்ச்சுக்குப் போவது. பின்னால் கிளப் வண்டிகள் அத்தனையும் ஊர்வலம் வருவது. ஆனால் மைலிஸை உறுத்தியது அதுவல்ல. வண்டியில் கை வைத்தவன் படி ஏற முடியாது என்று மேஜையைத் தட்டிச் சொன்னவள் அவள். அவன் அடுக்கிய பெட்டிகளோ அவள் நடையில் இருக்கின்றன. அவள் கேக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஃபிரிட்ஜில் கேக்கை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கத்த வேண்டும் என்று நினைத்தாள். கத்துவதற்கு வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துவிட்டாள். வெளியே எவர்ட் காரின் மூக்கின்மேல் கையை வைத்து என்னவோ பேசிக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்கிறான். காரிடம். அவள் கொஞ்ச நேரம் பொறுத்தாள். உதட்டைக் கடித்தாள். பைப்பின்மேல் அந்த நெட்டை மனிதன், நீச்சல் குளத்துப் பலகையில் நிற்பதுபோலக் கையை விரித்து நின்று, கால் சேர்த்துக் குதித்திருப்பான் என்று தோன்றிய கணத்தில் எல்லாம் கைவிட்டுப் போனது. ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூச்சு வாங்கியது, கண்ணில் நீர் கொட்டியது, உள்ளே கேக் ஆடியது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது சிரிப்பு போயிருந்தது. கோபம் அங்கேயே இருந்தது. இரண்டும் ஒரே வயிற்றில் இருக்க முடியும் என்பது அவளுக்கே புதுசு.

"முதல்ல வண்டி நிக்கட்டும்," என்றாள். "அப்புறம் நாம நிக்கிறோமா விழறோமான்னு பேசலாம். நீ எதையும் தொடாத."

எவர்ட் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

டயர் மாட்டியாச்சா என்று பார்க்க கென்டா வந்தான். கிளப் தலைவன், எண்ணெய் போட்டு வாரிய நரைமுடியும், மேலுதட்டுக்கடியில் அடக்கிய புகையிலைப் பொட்டலமுமாகத் திரிபவன். டயர் ரகசியத்தில் கூட்டாளி. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு என்று நின்ற காரைப் பார்த்தான். மைலிஸின் முகத்தைப் பார்த்தான். தரையில் கிடந்த பைப்பைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏன்யா எவர்ட்டு, இடப்பக்கம் தலைகீழ் மரைன்னு உனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லலையே!"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். இத்தனை வருஷமா இந்தம்மாவோட சுத்தறியே, ராத்திரியில என்னதான் பேசிக்குவீங்க?"

"கென்டா, வாயை மூடிட்டு ஜாக்கியைப் பிடி," என்றாள் மைலிஸ்.

"எனக்கு ஏழு வயசுல இவன் என்னை ஆழத்துல தள்ளிவிட்டுட்டு, காலை உதைடா, காலை உதைடான்னு கரையில நின்னு கத்தினான்," என்றான் கென்டா குனிந்துகொண்டே. "இவன் காலே இவ்ளோ நல்லா உதைக்கும்னு அப்போ தெரியல."

எவர்ட் சிரிக்கவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் நின்றான்.

முழுசாக இருந்த இரண்டு போல்டையும் மைலிஸ் வலப்பக்கம் திருப்பினாள். முரண்டு பிடிக்காமல் வந்தன. வழுக்கிப் போன இரண்டையும் நெம்பி இழுத்தெடுத்தாள். சக்கரம் இறங்கியது. நடுவிலிருந்த கிரீஸ் மூடியைத் தட்டி எடுத்து, நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் ஹப்பை பிரேக் டிரம்மோடு சேர்த்து இரண்டு கையிலும் ஏந்தி, பிள்ளையைத் தூக்குவதுபோலப் பட்டறை மேஜைக்குக் கொண்டுபோனாள். பேரிங்கைத் தூசி படாமல் துணியில் சுற்றி வைத்தாள்.

"முதல்ல ஒடிஞ்சது," என்றாள்.

உள்ளே மாட்டிக்கொண்ட உடம்பின் நடுவில் ஒரு புள்ளி குத்தி, டிரில்லை வைத்தாள். கென்டா எண்ணெய் சொட்டுவிட்டான். எவர்ட் கையைப் பின்னால் கட்டியபடியே கழுத்தை மட்டும் நீட்டினான். டிரில் கிறீச்சிட்டுக்கொண்டு இரும்பைச் சுருள் சுருளாகக் கக்கியது. அவளுக்கு ஒரே கவலைதான். டிரில் கோணிக்கொண்டு ஹப்பின் சுவரைத் தொட்டுவிட்டால் இருக்கிற மரையும் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெள்ள மெள்ள அழுத்தினாள்.

சட்டென்று சத்தம் மாறியது. டிரில் எதையோ கவ்விக்கொண்டது. அவள் நிறுத்தப்போன நொடியில், ஒடிந்த துண்டு தானாகவே சுழல ஆரம்பித்தது. டிரில் வலப்பக்கம் சுழலும். இந்த மரை வலப்பக்கம் சுழன்றால்தான் கழலும். துண்டு டிரில்லின் மூக்கைப் பிடித்துக்கொண்டே பம்பரம்போல ஆடி ஆடி வெளியே வந்து, மேஜையில் குதித்து, உருண்டு, கென்டாவின் பூட்ஸில் போய் விழுந்தது.

கென்டா குனிந்து அதைப் பொறுக்கினான்.

"தானா வந்துடுச்சு!" என்று கத்தினான் எவர்ட். "மைலிஸ், அது தானா வந்துடுச்சு!"

"சாதா மரையா இருந்தா இன்னும் உள்ள போயிருக்கும்," என்றாள் அவள். டிரில்லை நிறுத்தினாள். "முழு நாளும் போயிருக்கும்."

கென்டா டிரில்லை வாங்கிக்கொண்டு முற்றத்தில் ஒரு சுற்று ஆடினான். அவன் தொப்பை குலுங்கியதைப் பார்த்து மைலிஸுக்கு மறுபடியும் சிரிப்பு பீறிட்டது. எவர்ட்டும் சேர்ந்துகொண்டான். பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது. அப்புறம் அவளுக்குத் தான் கோபமாக இருக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. நிறுத்திக்கொண்டாள்.

அந்தத் துளையின் மரை பிழைத்திருந்தது. மழுங்கிப் போன இரண்டும்தான் இனி பாக்கி. தலைகீழ் மரை வெட்டும் டேப் யாரிடமாவது இருக்குமா என்று கென்டா கிளப் முழுக்கப் போன் போட்டான். எல்லோரிடமும் சாதா டேப் இருந்தது. ஒருவன் நார்வேயிலிருந்து செவ்வாய்க்கிழமை வரவழைத்துத் தருகிறேன் என்றான். "செவ்வாய்க்கிழமை இவங்க விவாகரத்து பண்ணிட்டிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு கென்டா போனை வைத்தான்.

எவர்ட்டுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தரையைப் பார்த்தான். மைலிஸ் அதைக் கவனித்தாள். கவனிக்காத மாதிரி இருந்துகொண்டாள்.

"டேப் வேணாம்," என்றாள். "நாமளே ஒண்ணு செஞ்சுக்கலாம்."

உதிரி போல்டுகள் போட்டு வைத்திருந்த தகர டப்பாவைக் கவிழ்த்து, எல் எழுத்துப் போட்ட நல்ல போல்ட் ஒன்றை எடுத்தாள். வைஸில் கவ்வ வைத்து, இரும்பு அறுக்கும் கிரைண்டரின் மெல்லிய தகட்டால் நுனியிலிருந்து மேல் வரைக்கும் நீளவாக்கில் மூன்று பள்ளக் காடி போட்டாள். பொறி பறந்தது. காடியின் விளிம்பு ஒவ்வொன்றும் இப்போது சின்னப் பல். "முன்பக்க மரைதான் நாசமாயிருக்கு. பின்பக்கம் பைப்போட வேலை அவ்வளவா போய்ச் சேரல. அதனால பின்னாலேர்ந்து நுழைப்போம். நல்ல மரை வழியைக் காட்டும். கெட்ட மரை பின்னாலயே வரும்."

ஹப்பைக் குப்புறக் கவிழ்த்தாள். காடி போட்ட போல்டை எண்ணெயில் நனைத்துப் பின்பக்கத் துளையில் வைத்து, விரலாலேயே இடப்பக்கம் திருப்பினாள். பிடித்தது. ஸ்பேனரை வைத்து அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால். மறுபடி அரை, மறுபடி கால். துகள் மினுங்கிக்கொண்டு காடிகளில் சேர்ந்தது. வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடியும். நெற்றி வியர்த்து மூக்கு நுனியில் சொட்டியது. துடைக்கக் கை இல்லை. எவர்ட் கைக்குட்டையை நீட்டினான். பிறகு தொடக் கூடாது என்ற சட்டம் அவள் மூக்குக்கும் சேருமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினான்.

"துடை," என்றாள்.

துடைத்தான்.

முதல் துளை முழுசாகப் பிழைத்தது. புது போல்ட் விரல் தள்ளலிலேயே அடிவரை போனது. இரண்டாவதில் முன்பாதி மரை மீளவில்லை. போல்ட் ஆழத்தில் போய்த்தான் கவ்வியது. அவள் ஆட்டிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், காதை வைத்துக்கூடக் கேட்டாள்.

"நாலரை போல்டு," என்றாள். "அடுத்த வாரம் இதைப் பெருசாக் குடைஞ்சு புது மரை வெட்டின இரும்புப் புஷ் சொருகணும். நாளைக்கு மெதுவாப் போனா தாங்கும். நடுவுல ஒரு தடவை நிறுத்தி எல்லாத்தையும் முறுக்கிக்கணும்."

சாயங்காலத்துக்குள் நாலு பக்கமும் வெள்ளைப் பட்டை. வலப்பக்கம் எவர்ட் பூட்டியதையும் ஒன்று விடாமல் அவளே மறுபடி முறுக்கினாள். சரியாகத்தான் பூட்டியிருந்தான். அதை அவள் சொல்லவில்லை. பிளிமத் வெயிலில் நின்று பல்லைக் காட்டியது. கென்டா தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே மைலிஸ் சொன்னாள்.

"கல்யாணம் பண்ணிக்கலாம் எவர்ட். நான் மாத்திச் சொல்லல. ஆனா நீ உன் மாடிலயே இரு. புதனும் சனியும் வா. முன்ன மாதிரி."

"கல்யாணத்துக்கு அப்புறமுமா?"

"எனக்குத் தூக்கம் வராது. ஷெட்ல என்ன பண்றியோன்னு படுத்துக்கிட்டே காதைத் தீட்டிட்டு இருப்பேன். நான் அப்படித்தான் ஆயிட்டேன். உன் தப்பு இல்ல. அதாவது, உன் தப்புதான். ஆனா முழுசும் இல்ல."

எவர்ட் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். "சரி," என்றான். நடைக்குப் போய் ஒரு பெட்டியைத் தூக்கி சைக்கிள் கேரியரில் கட்டினான். முடிச்சுப் போட வெகுநேரம் பிடித்தது. அவன் வளைவில் மறைகிறவரை அவள் வாசலில் நின்றாள். நாலரை போல்டைப் பற்றி யோசிப்பதாகத் தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஊரே பித்துப் பிடித்ததுபோல இருந்தது. யாரோ பிளிமத்தின் மூக்கில் பிர்ச் மரக் கிளைகளைக் கட்டிவிட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு. நீளநீளமான கார்கள், ரோஜா நிறம், வான நிறம், தக்காளி நிறம், ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பேர், ஜன்னலில் உட்கார்ந்து காலை வெளியே போட்டுக்கொண்டு. நீச்சல் குளத்துக் கிழவிகள் தக்காளி நிறக் காரில் பின்சீட்டு முழுவதையும் பிடித்துக்கொண்டு, குளியல் தொப்பி போட்டு வந்திருந்தார்கள். மைலிஸ் மஞ்சள் உடுப்பிலும் எவர்ட் சாம்பல் கோட்டிலும் முன்சீட்டில் ஏறினார்கள். அவன் மடியில் பூங்கொத்து. அவள் சீட்டுக்கடியில் ஸ்பேனர்.

ஊர்வலம் நடைவேகத்தில் போனது. எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், கத்தினார்கள். மைலிஸ் கையசைத்தாள், சிரித்தாள், இடக் காதை மட்டும் சக்கரத்துக்குக் கொடுத்திருந்தாள். டக் என்று ஒரு சத்தம் வருமா? வரவில்லை. வருமோ? ஏரி வளைவில் வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் அத்தனை காரும் நின்றன.

"என்ன ஆச்சு? மாப்பிள்ளை ஓடிட்டானா?" என்று கென்டா கத்தினான்.

"போல்டு முறுக்கணும்!" என்று இவள் கத்தினாள்.

கதவைத் திறந்து வெள்ளைச் செருப்புக் காலை மண்ணில் வைத்தாள். சீட்டுக்கடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். அப்போது எவர்ட்டைப் பார்த்தாள். அவன் பூங்கொத்தைப் பிடித்தபடி நேராகக் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். 'நான் செய்யட்டுமா' என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்தது தாடையில் தெரிந்தது. நேற்று வலப்பக்கம் மறுபடி முறுக்கும்போது ஒரு போல்டும் அரைக்கால் சுற்றுக்கூட நகரவில்லை என்பது அவள் நினைவுக்கு வந்தது. அவனிடம் அதை இன்னும் சொல்லவே இல்லை.

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எவர்ட்."

"ம்."

"நீ போய் முறுக்கு."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் ஸ்பேனரை நீட்டிக்கொண்டிருந்தாள். அவன் பூங்கொத்தை அவள் மடியில் வைத்துவிட்டு ஸ்பேனரை வாங்கிக்கொண்டான். காரைச் சுற்றி நடந்து இடப்பக்க முன் சக்கரத்துக்கு எதிரில், சாம்பல் கோட்டோடு, மண்ணில் முழங்காலிட்டான்.

ஊர்வலம் இறங்கி வந்துவிட்டது.

"எந்தப் பக்கம் எவர்ட்டு?"

"குதிக்காதய்யா, இன்னிக்குக் கல்யாணம்!"

"பைப்பு வேணுமா? என் வண்டில இருக்கு!"

"கையை நீட்டு! மூச்சை விடு! பயப்படாம திருப்பு!" என்று குளியல் தொப்பிக் கிழவிகள் அவன் குரலிலேயே அவனுக்குப் பாடம் நடத்தினார்கள். யாரோ விசில்கூட ஊதினார்கள்.

எவர்ட் ஸ்பேனரை மாட்டினான். நிமிர்ந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தான். பிறகு அழுத்தமாக, நிதானமாக, இடப்பக்கம் திருப்பினான். சாலை அதிர ஒரு கூச்சல் எழுந்தது. ஒன்று. பிறகு அதற்கு எதிரே இருக்கும் போல்ட். அதற்கு எதிரே. பாதி மரை போல்டுக்கு வந்தபோது மட்டும் கூட்டம் தானாகவே அடங்கியது. அவன் காதைச் சாய்த்துக்கொண்டு விரல் அளவுக்குத் திருப்பி, நிறுத்தி, போதும் என்று தலையாட்டினான். தண்ணீரில் குழந்தையின் வயிற்றைத் தாங்கும்போது அவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

மைலிஸ் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் தெரியும். எட்டிப் பார்க்கவில்லை. அவள் பூங்கொத்திலிருந்த டெய்சிப் பூக்களைப் பார்த்தாள். ஏரியைப் பார்த்தாள்.

கதவு திறந்தது. எவர்ட் முழங்கால் முழுக்க மண்ணோடு ஏறி உட்கார்ந்தான்.

"முடிஞ்சுது," என்றான். "அஞ்சும். அந்தப் பாதி மரையும் நல்லாப் பிடிச்சிருக்கு. நீ ஒரு தடவை பாத்துக்கிறியா?"

"வேணாம்."

அவன் கதவைச் சாத்தினான். அவள் பூங்கொத்தை அவன் மடியில் திருப்பி வைத்தாள்.

"சாயங்காலம் அந்தப் பெட்டியை எடுத்துட்டு வந்துடு," என்றாள்.

"ஒண்ணுதான் எடுத்துட்டுப் போனேன். மிச்சம் உன் நடையிலதான் இருக்கு."

"தெரியும். காலைல இடிச்சுக்கிட்டேன்."

எஞ்சினைக் கிளப்பினாள். பின்னால் அத்தனை ஹாரனும் ஒரே சமயத்தில் அலறின. சிரிப்பு பொங்கிப் பொங்கி வர, கண்ணைத் துடைத்துக்கொண்டே, முந்தைய வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஓட்டினாள்.